முள் அசையவில்லை என்றால் செலவு நின்றுவிட்டதா? ஓட்ட அமைப்புகளில் மாறாநிலையும் என்ட்ரோபியும்

ஐப்பசி மழையில் நிரம்பி, மோட்டார் போடாமல் கிடக்கும் கிணறு. கீழ்பவானி வாய்க்காலில் நாள் முழுக்க அளவுப் பலகையின் ஒரே கோட்டைத் தொட்டபடி ஓடும் தண்ணீர். கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலைக் கொட்டகையில் சாறு கொதிக்கும் கொப்பரை. அதில் தெர்மாமீட்டர் விட்டால் வெகுநேரத்துக்கு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். மூன்றிலும் முள் அசையவில்லை. ஆனால் மூன்றும் வெவ்வேறு நிலைகள். இவற்றைக் குழப்பிக்கொள்வதால் பட்டறைக் கணக்குகள் பல தப்பாகிப் போகின்றன.

கொப்பரையை முதலில் பார்ப்போம். 18 பிரிக்ஸ், அதாவது நூறு கிலோவில் 18 கிலோ கரைந்திருக்கும் சாறு; அப்படிப்பட்ட 1,000 கிலோ கரும்புச்சாற்றில் கரைந்திருப்பது 180 கிலோ. அது 60 பிரிக்ஸ் பாகாகும்போது கொப்பரையில் மிஞ்சுவது 300 கிலோ. அதாவது 700 கிலோ தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. அவ்வளவு தண்ணீர் போயும் கொதிநிலை ஏறுவது ஏறக்குறைய மூன்று டிகிரிதான். பிறகு கடைசி நூற்றிச் சொச்சம் கிலோ தண்ணீர் போகும்போது வெப்பநிலை 118, 120 என்று வேகமாக ஏறும். ஆலைக்காரர் தெர்மாமீட்டரை நம்பாமல் பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பது இதனால்தான். கொப்பரை எந்த நேரத்திலும் மாறாநிலையில் இல்லை. உள்ளே இருப்பது நொடிக்கு நொடி மாறுகிறது. ஓர் அளவு மட்டும் மாறாதது போலக் காட்டுகிறது.

கிணறு சமநிலையில் இருக்கிறது. அதை மூடி வைத்தாலும் அப்படியே இருக்கும். வாய்க்காலோ மாறாநிலையில் இருக்கிறது. தலைமடையில் வந்துகொண்டே இருக்க வேண்டும், கடைமடையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்; இரண்டில் ஒன்று நின்றாலும் அந்த மட்டம் குலையும். சமநிலைக்குச் செலவில்லை. மாறாநிலைக்கு ஒவ்வொரு நொடியும் செலவு உண்டு. அந்தச் செலவை அளக்கும் கோல்தான் என்ட்ரோபி.

இந்தச் சொல்லை 1865இல் உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ். கணக்கு எளியது. ஓர் அமைப்புக்குள் ஒரு நொடியில் கூடும் என்ட்ரோபி என்பது, உள்ளே வந்தது கழித்தல் வெளியே போனது, அதோடு உள்ளேயே உண்டானது. கடைசியாகச் சொன்ன 'உண்டானது' ஒருபோதும் எதிர்க்குறியில் வராது. அதுதான் இரண்டாம் விதி. சமநிலையில் அது பூச்சியம். மாறாநிலையில் அமைப்புக்குள் இருக்கும் மொத்தம் மாறுவதில்லை. ஆகவே உள்ளே உண்டானது முழுவதும் வெளியே தள்ளப்பட வேண்டும். போனது, வந்ததைவிட எப்போதும் கூடுதல். உண்டான என்ட்ரோபியைச் சுற்றுப்புறத்தின் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கினால், வேலையாகப் பயன்பட்டிருக்கக்கூடிய எவ்வளவு ஆற்றல் வீணானது என்பது கிலோவாட்டிலேயே வந்துவிடும். பட்டறைக்குத் தேவைப்படும் விதி இந்தப் பெருக்கல்தான்.

கீழ்பவானி முதன்மை வாய்க்கால் முழு அளவில் நொடிக்கு 2,300 கன அடி கொண்டது. அதாவது சுமார் 65 கன மீட்டர். சீரான வேகத்தில் ஓடும் நீர் ஒரு மீட்டர் இறங்கினால் அந்த உயரத்தின் ஆற்றல் வேகமாக மாறுவதில்லை. அப்படியே உராய்ந்து வெப்பமாகிறது. ஒரு மீட்டருக்குச் சுமார் 640 கிலோவாட். ஆனாலும் தண்ணீர் சூடாவது 0.0023 டிகிரிதான், கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த வகைச் செலவு கண்ணில் படாமல் போவதற்கு இந்தச் சின்ன எண்ணே காரணம்.

வாய்க்காலில் அதை மீட்பது கடினம். தோட்டத்துக் குழாயில் முடியும். ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றிலிருந்து நொடிக்கு 5 லிட்டர் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். பி.வி.சி. குழாயின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர் என்றால் உராய்வு மட்டுமே சுமார் 57 மீட்டர் உயரத்துக்குச் சமம், தண்ணீருக்குள் 2.8 கிலோவாட் கரைகிறது. உள்விட்டம் 69 என்றால் 23 மீட்டர், 1.1 கிலோவாட். 83 என்றால் 9.5 மீட்டர், அரை கிலோவாட்டுக்கும் கீழே. மூன்றிலும் தொட்டியில் விழும் தண்ணீர் ஒரே அளவு, ஒவ்வொன்றிலும் பிரஷர் கேஜ் முள் அசையாமல் நிற்கும். உராய்வு விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் படிக்கு எதிராக மாறுவதால், குழாயை ஒரு அளவு பெரிதாக்குவது மோட்டாரை மாற்றுவதைவிடப் பலன் தரும். அதே குழாயில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் வீண் ஏழு, எட்டு மடங்காகும். நான்கு மணி நேரத்தில் பாய்ச்சுவதை எட்டு மணி நேரத்தில் மெதுவாகப் பாய்ச்சுவது மின்சாரத்தில் பெரிய சேமிப்பு. மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அதற்கேற்ற சின்ன பம்பும் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தெளிவாக்க வேண்டும். 'இயற்கை எப்போதும் என்ட்ரோபி உற்பத்தி குறைந்த மாறாநிலையைத்தான் தேர்ந்தெடுக்கும்' என்று பொதுவிதி போலப் பலரும் எழுதுகிறார்கள். இதன் மூலம் இல்யா பிரிகோஜின் 1940களில் நிறுவிய தேற்றம். 1977இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. தேற்றம் சரிதான், ஆனால் அதன் வரப்பு குறுகியது. விசையும் ஓட்டமும் நேர்விகிதத்தில் இருக்க வேண்டும், குணகங்கள் மாறக்கூடாது, லார்ஸ் ஆன்சாகர் 1931இல் காட்டிய சமச்சீர் உறவு பொருந்த வேண்டும். சமநிலைக்கு மிக அருகில்தான் இவை எல்லாம் ஒன்றுகூடும்.

ஒரு நுனியில் 400 கெல்வினும் மறு நுனியில் 300 கெல்வினும் உள்ள உலோகக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் கடத்தும் திறன் எங்கும் ஒன்றே என்றால், மாறாநிலையில் நடுப்புள்ளி 350. ஆனால் என்ட்ரோபி உற்பத்தி குறைந்தபட்சமாக இருக்க வேண்டுமானால் நடுப்புள்ளி 400ஐயும் 300ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது, அதாவது 346.4 ஆக இருக்க வேண்டும். கம்பி அதற்குப் போவதில்லை. நுனிகள் 310, 300 என்றால் வித்தியாசம் வெறும் 0.04, அங்கே தேற்றம் நடைமுறைக்குப் பொருந்துகிறது. இவ்வளவு எளிய கம்பியிலேயே தவறுகிற ஒன்றைச் சுழன்று ஓடும் தண்ணீருக்கும், கொதிக்கும் பாய்லருக்கும், உயிருள்ள உடலுக்கும் நீட்டுவது நியாயமில்லை. மாறாநிலை தானாகச் சிக்கனமாகிவிடும் என்று காத்திருக்க முடியாது. சிக்கனத்தை வடிவமைப்பில்தான் கொண்டுவர வேண்டும்.

திருப்பூர், ஈரோடு, பெருந்துறை சாயப்பட்டறைகளில் அந்த வடிவமைப்பு முதலில் சறுக்கும் இடம் பாய்லர். விறகு எரியும் பாய்லர் 170 டிகிரி நீராவி தருகிறது. அதை 60 டிகிரி சாயத்தொட்டிக்கு விடுகிறோம். கடைசியில் எல்லா வெப்பமும் 30 டிகிரி காற்றில் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு படியிலும் 100 கிலோவாட் இறங்குவதாக வைப்போம். வெப்பம் தரும் புகையின் சராசரி வெப்பநிலையை 1,000 கெல்வின் என்று கொண்டால், புகையிலிருந்து நீராவிக்கு வரும் படியில் வேலைத்திறனில் 38 கிலோவாட் வீண். நீராவியிலிருந்து தொட்டிக்கு வரும்போது 22.6. தொட்டியிலிருந்து காற்றுக்குப் போகும்போது 9. நாம் வழக்கமாகக் கவலைப்படுவது கடைசி 9ஐப் பற்றி: சூடான கழிவு நீர் போகிறதே, குழாய்க்கு லேகிங் (வெப்பம் போகாமல் சுற்றும் உறை) இல்லையே என்று. பெரிய வீண் நடப்பது ஒரு சொட்டுகூட ஒழுகாத பாய்லர் குழாய்ச் சுவரில். அங்கே வெப்பம் எங்கும் போய்விடவில்லை. அதன் தரம் இறங்கிவிட்டது. வெப்பக் கணக்கு மட்டும் எழுதுகிறவருக்கு இது கண்ணில் படவே படாது.

பிரஷர் குறைக்கும் வால்வும் இதே ரகம். 8 பார் நீராவியை 3 பாருக்கு இறக்கினால் வெப்ப அளவு மாறுவதில்லை, ஆனால் என்ட்ரோபி, கிலோவுக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 0.43 கிலோஜூல் கூடுகிறது. மணிக்கு ஒரு டன் ஓடும் லைனில் அது 36 கிலோவாட் அளவுக்கான வேலையைத் தின்கிறது. சத்தியமங்கலம், அப்பக்கூடல் பக்கத்துச் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து உயர் அழுத்த நீராவி எடுத்து, அதை டர்பைன் வழியாக இறக்கி மின்சாரம் பெற்ற பிறகே சாறு காய்ச்ச விடுவதன் காரணம் இதுதான். வால்வு செய்யும் அதே இறக்கத்தை டர்பைன் செய்கிறது, நடுவில் வேலையை எடுத்துக்கொள்கிறது. சின்னப் பட்டறைக்கு டர்பைன் கட்டுப்படியாகாது. வெளியேறும் சூடான கழிவு நீரை எதிரோட்ட வெப்பமாற்றி வழியாக விட்டு, உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்குவது கட்டுப்படியாகும். எதிரோட்டம் என்பது முக்கியம்; இரண்டும் ஒரே திசையில் ஓடினால் நுழைவாயிலில் வெப்பநிலை இடைவெளி பெரிதாகி அங்கேயே என்ட்ரோபி குவியும்.

அடுத்த கேள்வி: அமைப்பு மாறாநிலைக்கு வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? ஒவ்வோர் அளவும் தனக்கென ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். மணிக்கு 3 டன் நீராவி தரும், 5 டன் தண்ணீர் கொள்ளும் பாய்லர். ஊட்டும் நீரில் கரைந்த உப்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். பாய்லருக்குள் 3,500க்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் புளோ டவுன், அதாவது உப்பைக் குறைக்கப் பாய்லரிலிருந்து திறந்துவிடும் தண்ணீர், நீராவி அளவில் 200ஐ 3,300ஆல் வகுத்தது, சுமார் 6 சதவீதம். மணிக்கு 182 கிலோ. இப்போது யாரோ வெந்நீர் வீணாகிறதே என்று வால்வை மூடிவிடுகிறார் என்று வையுங்கள். அழுத்தம் அப்படியே, நீர்மட்டம் அப்படியே, புகைபோக்கி அப்படியே. உப்பு மட்டும் மணிக்கு 120 ஏறும். ஒரு ஷிஃப்ட் முடியும்போது 4,460. தண்ணீர் நுரைத்து, நீராவியோடு சொட்டுச் சொட்டாகக் கிளம்பும். உலர்த்தும் சிலிண்டரில் உப்புப் படியும், துணியில் திட்டு விழும். அப்போது சாயத்தின் மேல் பழி போடுவார்கள்.

இந்தப் பாய்லரில் உப்பு தனக்கென எடுத்துக்கொள்ளும் நேரம், உள்ளிருக்கும் தண்ணீரை மணிக்கு வெளியேறும் புளோ டவுனால் வகுத்தது: 5,000ஐ 182ஆல் வகுத்தால் 27 மணி நேரத்துக்கு மேல். அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது மூன்றரை நாள் ஆன பிறகுதான் புதிய மாறாநிலையை 95 சதவீதம் தொடும். அழுத்தத்துக்கோ சில நிமிடங்கள் போதும். ஊட்டும் நீரை மாற்றிய மறுநாளே ரீடிங் எடுத்து 'பிரச்சினை இல்லை' என்று எழுதுவது செல்லாது.

இனி உப்பு. இதுதான் கொங்குநாட்டின் ஆறாத புண். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும், அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை; போட்டது அத்தனையும் கழிவில் வரும். அது நொய்யலில் போய்க் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கரையோரக் கிணறுகளில் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இதனால்தான். உப்பு தண்ணீரில் தானாகக் கலக்கும், யாரும் தள்ள வேண்டாம். அந்தக் கலப்பில் உண்டாகும் என்ட்ரோபி, நாளை பிரிக்க வேண்டியவர் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை.

தொகை எவ்வளவு? உப்பு நீரிலிருந்து நல்ல நீரைச் சவ்வு வழியாகப் பிழியக் குறைந்தது கொடுக்க வேண்டிய அழுத்தம்தான் சவ்வூடு பரவல் அழுத்தம். லிட்டருக்கு 6 கிராம் சாதா உப்பு உள்ள 30 டிகிரிக் கழிவுநீருக்கு அது சுமார் 5.2 பார். 10 கன மீட்டர் கழிவிலிருந்து 9 கன மீட்டர் நல்ல நீர் எடுத்து, மீதி ஒன்றில் உப்பு அனைத்தையும் ஒதுக்க, இயற்கை கேட்கும் குறைந்தபட்ச வேலை 3.3 யூனிட் மின்சாரம். கன மீட்டர் நல்ல நீருக்கு 0.37 யூனிட். இப்படிச் சவ்வு வழியாகப் பிழியும் முறை ஆர்.ஓ. இதை ஒரே ஆர்.ஓ. கட்டத்தில் செய்ய நினைத்தால், ரிஜெக்ட் எனப்படும் மீந்த உப்புநீர் வெளியேறும் முனையில் உப்பு பத்து மடங்கு அடர்ந்திருக்கும். அழுத்தம் 52 பாருக்குக் கீழே போக முடியாது. அந்த 52 பாரை 5 பார் போதுமான நுழைவு முனையிலும் சேர்த்தே கொடுக்கிறோம். ரிஜெக்ட்டின் அழுத்தத்தை முழுதாக மீட்டாலும் கன மீட்டர் நல்ல நீருக்குச் செலவு 1.44 யூனிட், ஏறக்குறைய நான்கு மடங்கு. கட்டம் கட்டமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போவது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். மீதி ஒரு கன மீட்டரை ஒற்றை எவாப்பரேட்டரில் காய்ச்சினால் வெப்பமாகவே 627 யூனிட் போகும். ஒன்றன் ஆவியை அடுத்ததற்கு ஊட்டும் நான்கு அடுக்கு எவாப்பரேட்டர் அதை ஏறக்குறைய நாலில் ஒன்றாக்கும். எப்படிப் பார்த்தாலும் கடைசிப் பத்து சதவீதம் முதல் தொண்ணூறை விழுங்குகிறது.

இத்தனை செலவில், ஆரம்பத்திலேயே நடக்கும் ஒரு வீணை யாரும் மீட்டரில் பார்ப்பதில்லை. அது சமன்படுத்தும் தொட்டி.

சாய மிஷின் தொகுதி தொகுதியாக ஓடுவது. ஒரு நேரம் உப்புக் கரைசலைக் கொட்டும், ஒரு நேரம் அலசிய தண்ணீரைக் கொட்டும். ஆர்.ஓ. மெம்பரேனுக்கோ மாறாத ஓட்டம் வேண்டும். அழுத்தமும் அடர்த்தியும் துள்ளினால் படிவு ஏறும், ஆயுள் குறையும். ஆகவே எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் விட்டுக் கலக்கி, சீரான 6 கிராமாக்கி அனுப்புகிறோம். அந்தக் கலப்பின் விலையைப் பார்ப்போம். லிட்டருக்கு 51 கிராம் உள்ள சாயத்தொட்டிக் கரைசல் 1 கன மீட்டர், 1 கிராம் உள்ள அலசிய நீர் 9 கன மீட்டர். கலந்தால் சரியாக 6 கிராம். இந்தக் கலப்பில் இழக்கும் வேலை 2.2 யூனிட். பிறகு பிரிக்கக் கேட்ட குறைந்தபட்சம் 3.3 யூனிட், அதில் மூன்றில் இரண்டு பங்கு, நாமே தொட்டியில் கலக்கிவிட்டதை மறுபடி பிரிப்பதற்கான செலவு. தொட்டி சூடாகவில்லை, சத்தம் போடவில்லை, ஒழுகவில்லை. சீரான ஓட்டத்தை அந்த விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம்.

வழி இரண்டு தொட்டிகள். உப்புக் கரைசலுக்கு ஒன்று, அலசிய நீருக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியே சமன்படுத்துவது. அலசிய நீர் 1 கிராம் என்றால் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் ஒரு பாருக்கும் கீழே. 90 சதவீதம் மீட்கக் குறைந்தபட்சம் மொத்தமாக அரை யூனிட் போதும். உப்புக் கரைசலை நிறமெடுத்து, காரத்தை நடுநிலையாக்கி, கடினத்தன்மை நீக்கி அடுத்த சாயத்தொட்டிக்கே திருப்பினால் காய்ச்ச வேண்டியது குறையும்.

பிரித்தெடுப்பில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். வடிகால் வால்வை நேரம் வைத்து மாற்றினால், மிஷின் ஒரு நிமிடம் தாமதித்தாலும் 51 கிராம் கரைசல் அலசிய நீர்க் கால்வாயில் இறங்கிவிடும். நேரத்தை விட்டுவிட்டு, மின்கடத்துத்திறன் பார்த்து வால்வு மாற வேண்டும். சாயம் முடிந்தபின் வரும் முதல் அலசலைத் துணி உறிஞ்சி வைத்திருந்த உப்பு கெடுத்திருக்கும். அதையும் உப்புத் தொட்டிப் பக்கமே விடுவது நல்லது. சிலிக்காவை மறக்கக்கூடாது: ஊட்டும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் இருந்தாலும் 90 சதவீத மீட்பில் ரிஜெக்ட்டில் 300 ஆகும், மெம்பரேனில் கண்ணாடிபோலப் படியும். கரைசலைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தும்போது, கடினத்தன்மையும் மீந்த சாயமும் பாய்லர் உப்பைப் போலவே சத்தமில்லாமல் ஏறும். வாரம் ஒருமுறை ஒரு பங்கை வெளியே எடுத்து எவாப்பரேட்டருக்கு அனுப்பாவிட்டால், எல்லா முள்ளும் அதே இடத்தில் நிற்க, ஏதோ ஒரு நாளில் இளநிறத் துணி மட்டும் மங்கலாக வரத் தொடங்கும்.